குடிக்கிறதை நிறுத்த வந்தவன்

என் மனைவிக்கு நல்ல மூக்கு. எங்கள் பதினான்கு வருடக் கலியாணத்தில் அந்த மூக்கை ஒரு நாளாவது ஏமாற்றினேன் என்று சொல்ல எனக்கு வாயில்லை. மிட்டாய் சப்பிப் பார்த்தேன். கொய்யா இலை மென்று பார்த்தேன். ஒரு தடவை அலுவலகத்தில் கைகழுவும் சவர்க்காரத்தை நாக்கில் தேய்த்துக்கூடப் பார்த்தேன். கதவைத் திறப்பாள், ஒரு மூச்சு இழுப்பாள், "நாலு" என்பாள். பஸ் தரிப்பிடத்திலிருந்து வீடு வரைக்கும் நான் குடித்த சிகரெட் நாலாகத்தான் இருக்கும்.

அந்த மூக்கோடு எப்படியோ குடும்பம் நடத்திக்கொண்டிருந்தோம். பிள்ளை இல்லை என்ற ஒரு குறைதான். செவ்வாய்க்கிழமை நவநாள் செபத்தில் பிள்ளை வரம் கேட்டு, டொக்டர்மாரிடம் போய், கடைசியில் இரண்டையும் கைவிட்டு, இனி நமக்கு நாமே பிள்ளை என்று சிரித்துப் பழகிய பிறகு ஒரு நாள் காலையில் அவள் குளியலறையிலிருந்து வெளியே வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு முப்பத்தொன்பது வயது, எனக்கு நாற்பத்து நாலு. விஷயம் விளங்கியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் செய்த முதல் காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மூன்று மாடியும் இறங்கிக் கடைக்கு ஓடி ஒரு சிகரெட் வாங்கிப் பற்றவைத்தேன். சந்தோஷம் வந்தால் வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

வயிற்றில் பிள்ளை வந்ததும் அந்த மூக்கு இன்னும் கூர்மையாகிவிட்டது. கொட்டாஞ்சேனையில் எங்கள் தொடர்மாடியின் கீழ்ப்படியில் நான் கால் வைத்தால் மூன்றாம் மாடியில் அவள் வாந்தி எடுக்க ஓடுவாள். என் சட்டைகளைப் பல்கனியில் வைத்தாள், பிறகு என்னைப் பல்கனியில் வைத்தாள். ஐந்தாம் மாதம் இரண்டு பைகளில் உடுப்புகளை அடுக்கிக்கொண்டு வெள்ளவத்தையில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் புறப்பட்டாள். சண்டை இல்லை, கண்ணீர் இல்லை. வாசலில் நின்று என் வலது கையைப் பிடித்து, மஞ்சள் ஏறியிருந்த இரண்டு விரல்களையும் எனக்கே தூக்கிக் காட்டினாள்.

"பிள்ளையை நான் எந்த வீட்டுக்குக் கொண்டு வாறதெண்டு இந்த ரெண்டு விரலும்தான் சொல்லோணும்," என்றாள்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் புறக்கோட்டையில் பஸ் மாறி நான் வெள்ளவத்தைக்குப் போய் வந்தேன். அக்கா வீட்டு வாசலில் இரும்புக் கிறில் கதவு ஒன்று உண்டு. அவள் உள்ளே, நான் வெளியே. விரல்களைக் கம்பிகளுக்கு நடுவே நீட்டுவேன், அவள் முகர்ந்து பார்ப்பாள், எண்ணிக்கையைச் சொல்வாள், பிறகு உள்ளே ஒரு கதிரை, வெளியே ஒரு கதிரை போட்டு ஒரு மணித்தியாலம் கதைப்போம். மாடிப்படியில் ஏறி இறங்குபவர்கள் சிறைச்சாலைக்கு ஆள் பார்க்க வந்தவனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

சிகரெட்டை நானே தனியாக விட்டுப் பார்க்காமல் இல்லை. மூன்று தடவை விட்டேன். ஆகக் கூடியது இரண்டரை நாள். அந்த இரண்டரை நாளில் அலுவலகத்தில் ஸ்டேப்ளரை எறிந்தேன், சுங்கத்துக்குப் போகவேண்டிய கடதாசிகளில் ஒரு கப்பலின் பெயருக்குப் பதிலாக இன்னொரு கப்பலின் பெயரை எழுதினேன். நான் துறைமுகத்துப் பக்கத்தில் ஒரு சரக்குக் கம்பனியில் கிளார்க். வந்த சாமானை வேறு கப்பலில் வந்ததாக எழுதினால் அதை வெளியே எடுக்க ஆண்டவனே வரவேண்டும். மெனேஜர் என்னைப் பின்படிக்குக் கூட்டிக்கொண்டு போய், தயவுசெய்து ஒன்றைக் குடியும் என்று தன் பெட்டியையே நீட்டினார்.

மனைவியைப் பார்க்கும் டொக்டர் அம்மாதான் வழி சொன்னார். தனியாக மல்லுக்கட்டத் தேவையில்லை, இதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள், மருந்து இருக்கிறது, உட்கார்ந்து கதைக்க இடம் இருக்கிறது என்று சொல்லி ஒரு துண்டில் விலாசம் எழுதித் தந்தார். மருதானைப் பக்கத்தில் ஒரு கிளினிக் கட்டடம், இரண்டாம் மாடி. நாலு நாள் ஒன்றும் குடிக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு, துண்டை சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஒரு சனிக்கிழமை காலை போனேன்.

இங்கேதான் கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. கவுண்டரில் வரிசை. என் முறை வருவதற்குச் சற்று முன்னால் திரும்பிப் பார்த்தால், பின்னால் நிற்பவர் எங்கள் கோயில் பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்கும் அன்ரி. அவர் பிரஷருக்கு மாத்திரை எடுக்க வந்திருக்கிறார். நானும் அந்தக் குழுவில் பின்வரிசையில் தடித்த குரலில் பாடுகிறவன். அந்தத் தவக்காலத்தில்தான் சிகரெட்டை அடியோடு விட்டுவிட்டேன் என்று குழு முழுவதற்கும் நானே பறைசாற்றியிருந்தேன். அன்ரி அதற்காக எனக்கென்று ஒரு செபமாலை சொன்னதாகவும் சொல்லியிருந்தார்.

கவுண்டரில் இருந்த பெண் சிங்களத்தில், என்னத்துக்கு வந்தீர்கள் என்று கேட்டாள். அன்ரியின் மூச்சு என் பிடரியில் படுகிறது. சிகரெட் என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்து நின்றுவிட்டது. அதை மட்டும் விழுங்கிவிட்டு மிச்சத்தைச் சொன்னேன்.

"பொன எக்க நவத்தன்ன ஓனே."

குடிக்கிறதை நிறுத்த வேண்டும். சிங்களத்தில் தண்ணீரும் குடிப்பதுதான், தேத்தண்ணியும் குடிப்பதுதான், சிகரெட்டும் குடிப்பதுதான். நம் வாயிலும் அப்படித்தான். ஆனால் எதைக் குடிக்கிறது என்று சொல்லாமல் குடிக்கிறதை நிறுத்த வேண்டும் என்று ஒருவன் வந்து நின்றால், உலகத்தில் எந்த மொழிக்காரரும் ஒன்றைத்தான் நினைப்பார்கள். இது எனக்கு அந்த நேரம் உறைக்கவில்லை. அந்தப் பெண் மிகவும் அன்பாக என்னைப் பார்த்து ஒரு மஞ்சள் அட்டை எழுதித் தந்து, கடைசி அறையைக் காட்டினாள். அன்ரி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

அறையில் எட்டு ஆண்கள் வட்டமாக பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்தார்கள். நடத்துபவர் மாளிகாவத்தைக்காரி, தலையில் முக்காடும் முகம் நிறையச் சிரிப்புமாக இருந்தார். எல்லோரும் அவரை மிஸ் என்றார்கள். ஒவ்வொருவரும் தாங்கள் விட்டு எத்தனை நாள் என்று சொல்ல, மற்றவர்கள் கைதட்டினார்கள். என் முறை வந்தது.

"செல்லுங்க, எத்தின நாள்?" என்றார் மிஸ்.

நாலு என்றேன். பலமாகக் கைதட்டினார்கள். பள்ளிக்கூடம் விட்ட பிறகு எனக்கு யாரும் கைதட்டியதில்லை. உடம்பெல்லாம் புல்லரித்தது, இந்த மனிதர்களுக்காக எதையும் செய்யலாம் என்று தோன்றியது. ஒரு நாளைக்கு எவ்வளவு என்று மிஸ் கேட்க, ஒளிக்காமல் இருபது என்றேன். 

பக்கத்தில் இருந்தவர் துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். அறுபது தாண்டியவர், கைகள் இரண்டும் உலக்கை மாதிரி. அவர் என் பக்கம் முழுதாகத் திரும்பினார்.

"இருபதா?" என்றார். "காலையிலேயே தொடங்கிருவீங்களா, தம்பி?"

கட்டிலை விட்டு இறங்க முன்னமே ஒன்று என்றேன். கக்கூசில் ஒன்று. தேத்தண்ணியோடு ஒன்று. பஸ் வரும் வரைக்கும் ஒன்று, வராவிட்டால் இன்னொன்று.

"ஒபிஸில?"

பின்படியில் வைத்து என்றேன். மெனேஜரும் வருவார், தன்னுடையது முடிந்தால் என்னிடம் வாங்குவார் என்றேன். யாரோ மெதுவாக மாதாவைக் கூப்பிட்டார்கள். கோயிலுக்குப் போவதில்லையா என்று அந்தக் கிரேன் அண்ணன் தயங்கித் தயங்கிக் கேட்டார். ஒரு ஞாயிறும் தவறியதில்லை, பூசை முடிந்ததும் கோயில் வாசலிலேயே ஒன்று என்றேன். இவ்வளவு உண்மையாக நான் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போதுகூடப் பேசியதில்லை, அந்தப் பெருமை வேறு எனக்கு.

மிஸ் குறிப்பெழுதிக்கொண்டே ஈரல் சோதனை செய்தீர்களா என்று கேட்டார். ஈரலா, நெஞ்சு எக்ஸ்ரே மட்டும்தான் எடுத்தேன் என்று சொல்லிக்கொண்டே தலையை நிமிர்த்தினேன். மிஸ்ஸுக்குப் பின்னால் சுவரில் ஒரு படம். பெரிய போத்தல் ஒன்று, அதற்கு மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் அடையாளம். சிகரெட் எங்கேயும் இல்லை.

என் வாழ்க்கையில் நான் ஒரு சொட்டுச் சாராயம் குடித்ததில்லை. கலியாண வீட்டில் வைன் கேக் சாப்பிட்டாலே தலை சுற்றும். அப்போதே எழும்பிச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் கிரேன் அண்ணனின் கண் கலங்கியிருந்தது. அந்த உலக்கைக் கையை என் தோளில் வைத்து, இருபது அடித்த மனிதன் நாலு நாள் நிற்பது லேசில்லை என்று சொன்னார். கைதட்டலைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. மிஸ் எங்கள் இருவரையும் சோடியாகவும் போட்டுவிட்டார். ஆசை வந்தால் சோடிக்கு போன் எடுக்க வேண்டும், அது அங்கே ஒழுங்கு.

பத்தரைக்குத் தேத்தண்ணி. எட்டுப் பேரும் நானும் கீழே வாகனம் நிறுத்தும் இடத்துக்கு இறங்கினோம். இறங்கியதும் எட்டுப் பேரும் எட்டுச் சிகரெட்டைப் பற்றவைத்தார்கள். குடியை விட்டவர்களுக்கு அது ஒன்றுதானே மிச்சம். வட்டமாகப் புகை எழும்ப, நாலு நாள் பட்டினி கிடந்த நான் நடுவில் நின்றேன். கிரேன் அண்ணன் தன் பெட்டியை நீட்டி, இதையாவது குடியுங்கள் தம்பி, ஒரேயடியாக எல்லாத்தையும் விட்டால் மனிதன் என்ன செய்வான் என்றார். அதைவிட நியாயமான பேச்சை நான் கேட்டதில்லை. ஒன்று குடித்தேன். பிறகு இன்னொன்று. பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது மூன்றாவது.

அடுத்த நாள் வெள்ளவத்தையில் விரலைக் கம்பிக்குள் நீட்டினேன். "மூண்டு," என்றாள் மனைவி. அன்றைக்கு அவள் கதிரை போடவில்லை.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. செவ்வாய்க்கிழமை நவநாளுக்குப் போனபோதே பாடகர் குழுவில் எனக்கு இரண்டு பக்கமும் இடம் விட்டிருந்தார்கள். பாவம், இத்தனை நாளாக எப்படி மறைத்தாரோ என்று ஒருவர் காதோடு சொல்வது எனக்கே கேட்டது. கடைச் சந்தியில் ஒரு மனிதர் என்னை நிறுத்தி, தானும் அப்படித்தான் இருந்தவர், பயப்படாதேயும் என்று கட்டிப்பிடித்துவிட்டுப் போனார். அவரை எனக்கு யாரென்றே தெரியாது. புதன்கிழமை காலை அலுவலகத்துக்கு மனைவியின் போன் வந்தது.

"நீங்க குடிக்கிறீங்களாம்," என்றாள்.

நான் வாயைத் திறக்கும் முன் அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. அழுகிறாள் என்று பதறிவிட்டேன். சிரிக்கிறாள். மூச்சு விட முடியாமல் சிரிக்கிறாள்.

"பதினாலு வருசம் இந்த மூக்குக்குத் தெரியாம நீங்க ஒரு சொட்டுக் குடிச்சிருக்க ஏலாது. சிகரெட் எண்டு சொல்ல வெக்கப்பட்டு என்னத்தையோ சொல்லி வச்சிருக்கிறீங்க. அதுதானே?"

ஓம் என்றேன். அன்ரி பின்னால் நின்ற கதை, இருபது கதை, மெனேஜர் கதை எல்லாம் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் பிள்ளை வயிற்றுக்குள் உதைத்துவிட்டதாம். எந்தப் பக்கம் உதைத்தது என்று நான் இரண்டு தடவை கேட்டேன். பிறகு அவள் குரல் மாறிவிட்டது.

"எனக்குப் பயமா இருக்கப்பா. மணத்துக்கு மட்டும் இல்ல. நமக்கு இது பிந்திக் கிடைச்ச பிள்ளை. அது வளந்து வாறதைப் பாக்க நீங்க கனகாலம் இருக்கோணும்."

பின்படியில் போய் உட்கார்ந்து அழுதேன். மெனேஜர் பெட்டியை நீட்டினார். வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர் பயந்துபோய் உள்ளே போய்விட்டார்.

சனிக்கிழமை வட்டத்தில் என் முறை வந்ததும் எழுந்து நின்றேன். நான் சாராயம் குடிப்பவன் இல்லை, ஒரு நாளும் குடித்ததில்லை, சிகரெட்டை விட வந்தவன், வாசலில் சொல்ல வெட்கப்பட்டு இங்கே வந்து சேர்ந்துவிட்டேன், போன கிழமை வாங்கிய கைதட்டலுக்கு மன்னிக்க வேண்டும் என்றேன்.  கிரேன் அண்ணனின் கதிரை சாய்ந்தது. மனிதர் நிலத்தில் கிடந்து சிரிக்கிறார். இருபது, மெனேஜரும் வருவார், பூசை முடிந்ததும் வாசலிலே என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். மிஸ் முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தார். சாராயத்தை விட்ட பிறகு இப்படிச் சிரித்ததில்லை என்று ஒருவர் சொன்னார்.

நான் போகவேண்டிய அறை பக்கத்து அறைதானாம், புதன்கிழமை காலை ஒன்பது மணிக்காம். நாலு அடி தள்ளி. நான் அட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பப் போக, கிரேன் அண்ணன் என் சட்டையைப் பிடித்து இருத்தினார்.

"இவர் என்ட சோடி, மிஸ். புதன்கிழமை அங்க போகட்டும். சனிக்கிழமை இஞ்சதான்."

மற்றவர்களும் தலையாட்ட, மிஸ்ஸும் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டார். பத்தரைக்குக் கீழே இறங்கியதும் எட்டுக் கைகளும் பைக்குள் போயின, பிறகு எட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள்.  வரிசையாக மதிலுக்கு அந்தப் பக்கம் போய் நின்று குடித்துவிட்டு, வாய் கொப்பளித்துக்கொண்டு வந்தார்கள். சொந்த அண்ணன் தம்பிகூட எனக்காக அவ்வளவு தூரம் நடந்திருக்க மாட்டார்கள்.

பக்கத்து அறை டொக்டர் இளம் வயதுக்காரர். என் இருபதையும் மணி வாரியாக எழுதச் சொன்னார். எது இல்லாமல் முடியாது, எது சும்மா பழக்கம் என்று பிரித்துப் பார்த்தார். தோளில் ஒட்டுவதற்குப் பிளாஸ்டர் தந்தார், அது கொஞ்சம் கொஞ்சமாக உடம்புக்குள் நிக்கொட்டீனை விடும், கிழமைகள் போகப் போக அளவைக் குறைப்போம் என்றார். ஆசை ஒரு அலைதான், சில நிமிடம் தாக்குப்பிடித்தால் தானாக இறங்கும், அந்தச் சில நிமிடத்துக்கு என்ன செய்யப்போகிறீர் என்று கேட்டார். கச்சான் கடலை சாப்பிடுவேன் என்றேன். எழுதிக்கொண்டார்.

பிளாஸ்டர் கடித்தது, சொறிந்தேன். இரவில் கப்பல்கள் எல்லாம் என் பெயரைக் கூப்பிடுகிற மாதிரி கனவு வந்தது. ஒரு மாதத்தில் நான் தின்ற கச்சானுக்கு ஒரு தோட்டமே போதாது. என் மோசமான நேரம் விடிய ஐந்தரை, அந்தக் கட்டில் சிகரெட். சொல்லி வைத்த மாதிரி ஐந்தரைக்கு போன் அடிக்கும், கிரேன் அண்ணன். ஒரு நாள் மழைக் கதை சொல்வார். ஒரு நாள் கிரேனுக்கு மேலே இருந்து பார்த்தால் கொழும்பு எப்படி இருக்கும் என்று சொல்வார். ஒரு நாள் ஒன்றும் சொல்லத் தோன்றாமல் ஒரு பழைய பைலா பாட்டை முழுதாகப் பாடினார். அவருடைய மோசமான நேரம் மாலை ஆறு. அப்போது நான் எடுப்பேன். அவர் தவறணைச் சாராயக் கடை இருக்கும் ரோட்டைச் சுற்றிக்கொண்டு வேறு ஒழுங்கையால் வீட்டுக்கு நடக்கும் வரைக்கும் போனில் கூடவே நடப்பேன்.

மூன்றாம் கிழமை ஒரு தடவை வழுக்கினேன். சுங்கத்தில் ஒருவன் கத்தினான், பின்படியில் மெனேஜரிடம் ஒரு இழுவை வாங்கிவிட்டேன். புதன்கிழமை டொக்டரிடம் எல்லாம் போச்சு என்றேன். மூன்று கிழமை நடந்துவிட்டு ஒரு தடவை தடக்கினால் நடந்த தூரம் அழிந்துபோகாது, விழுந்த இடத்திலிருந்தே நடவும் என்றார்.

அதற்குப் பிறகுதான் அந்த அதிசயம். ஒரு நாள் பஸ்ஸில் போகும்போது ஏதோ மணத்தது. பக்கத்தில் இருந்த பெண்ணின் தலையில் தேங்காய் எண்ணெய். அடுத்த ஹோல்ட்டில் பாண் சுடும் போறணை. எத்தனையோ வருடமாக என் மூக்கு செத்துக் கிடந்திருக்கிறது, எனக்கே தெரியாது. வெள்ளவத்தையில் இறங்கினால் நெய்த்தோசை, மல்லிகைப்பூ, வாய்க்கால், கடல், நனைந்த தண்டவாளம், எல்லாம் ஒன்றாக முகத்தில் அடித்தன. வாய்க்கால் மணத்தைக்கூட நின்று ரசித்து இழுத்தேன். கடைக்காரர் ஒருவர் சுகமில்லையா என்று கேட்டார். அலுவலகத்தில் மெனேஜர் என் மேசைப் பக்கம் வந்தால் நிமிர்ந்து பாராமலே சொல்வேன், இரண்டு. அவர் சிரிக்கமாட்டார்.

மருந்து தொடங்கி எட்டாம் ஞாயிறு விரல்களைக் கம்பிக்குள் நீட்டினேன். மனைவி முகர்ந்தாள், திரும்பவும் முகர்ந்தாள், இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தாள். கிறில் கதவின் பூட்டைத் திறந்தாள். உள்ளே போனதும் அவள் வயிற்றைத் தொட்டுக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வருகிறாயா என்று மட்டும் கேட்டேன். பிள்ளை பிறக்கட்டும், அன்றைக்கு விரல் சொல்லும் என்றாள். அவள் சொன்ன சொல்லை மாற்றுகிறவள் இல்லை.

பிள்ளை பிறந்த நாள் காலை முழுவதும் ஆஸ்பத்திரி நடையில் நடந்தேன். வாசலுக்கு எதிரே ஒரு பெட்டிக்கடை. அந்தக் கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வையிலேயே, பிள்ளைக்குக் காத்திருக்கும் தகப்பன்மாரை அவருக்குத் தெரியும் என்று விளங்கியது. ஒரு விரலைத் தூக்கிக் காட்டினால் போதும், ஒன்று கையில் வந்துவிடும். கிரேன் அண்ணனுக்கு எடுத்தேன். அவர் தன் வாழ்க்கையில் தூக்கிய கொள்கலன்களை எல்லாம் ஒன்று விடாமல் எண்ணத் தொடங்கினார். நூற்றுச் சொச்சத்தில் நிற்கும்போது நேர்ஸ் வந்து என் பெயரைக் கூப்பிட்டார். பெண்பிள்ளை. துணியில் சுற்றி என் கையில் வைத்தார்கள். சிரித்தேன், அழுதேன், நேர்ஸிடம் இரண்டு தடவை நன்றி சொன்னேன், பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவருக்கும் சொன்னேன். பிள்ளையின் தலை மணத்தது. அந்த மணத்துக்கு என்னிடம் சொல் இல்லை, ஆனால் அது என் மூக்குக்கு எட்டியது.

மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். வெள்ளவத்தையில் அக்கா தொட்டில் போட்டு வைத்திருந்தார். கொட்டாஞ்சேனையில் நானும் ஒன்று போட்டு வைத்திருந்தேன், பல்கனி முதல் படுக்கையறை வரைக்கும் சுவர்களைக் கழுவிப் புதுப் பெயின்ட் அடித்து, திரைச்சீலைகளை எல்லாம் மாற்றி. அதை மனைவியிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் கிரேன் அண்ணன் தன் மச்சானின் ஓட்டோவோடு நின்றார். வெள்ளைச் சட்டை போட்டு, தலை சீவி, மாப்பிள்ளை மாதிரி.

மனைவி பிள்ளையை ஒரு கையில் மாற்றிக்கொண்டு மற்றக் கையை நீட்டினாள். என் இரண்டு விரல்களையும் கொடுத்தேன். மூக்குக்குக் கிட்ட வைத்துக் கண்ணை மூடினாள். எண்பத்தொரு நாள் நான் எதற்காகக் கச்சான் தின்றேன் என்று அந்தச் சில வினாடிகளில் என் வயிற்றுக்குத் தெரிந்தது.

"பிள்ளைப் பவுடர் மணக்குது," என்றாள். "கொட்டாஞ்சேனைக்குப் போவம்."

பிறகு ஓட்டோவில் ஏறக் காலை வைத்தாள், எடுத்துவிட்டாள். கிரேன் அண்ணன் சந்தோஷத்தில் காத்திருந்த நேரத்தில் ஓட்டோவுக்குள்ளே இருந்து மூன்று சிகரெட் குடித்திருக்கிறார். அவள் எண்ணிக்கையைச் சொல்ல, பாவம், அந்தப் பெரிய மனிதர் சுருங்கிப்போனார். நான் ரோட்டுக்கு ஓடினேன். வந்த ஓட்டோக்களை எல்லாம் நிறுத்தி ஒவ்வொன்றுக்குள்ளும் தலையை விட்டு முகர்ந்தேன். முதலாவது சிகரெட். இரண்டாவது வெற்றிலையும் சிகரெட்டும். மூன்றாவது ஊதுபத்தி, அதற்கு அடியில் சிகரெட். நாலாவது ஓட்டோக்காரர் என்னைப் பைத்தியம் என்று நினைத்து நிறுத்தவேயில்லை. ஐந்தாவதுக்குள் எலுமிச்சம்பழமும் புது ரப்பர் விரிப்பும்தான் மணத்தன. அதைத்தான் கூட்டிக்கொண்டு வந்தேன்.

கிரேன் அண்ணன் மூன்றடி தள்ளி நின்றே பிள்ளையை எட்டிப் பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார். வாருங்கள் என்றதற்கும் கிட்ட வரவில்லை. நாங்கள் புறப்பட்டு இரண்டாவது சந்தி தாண்டவில்லை, என் போன் அடித்தது.

"தம்பி," என்றார். "அந்தப் பக்கத்து ரூம். புதன்கிழமை ஒன்பது மணிதானே?"

ஓம் என்றேன்.  பின்னால் வாகனங்களின் சத்தம் கேட்டது. அந்தக் கவுண்டரில் தன்னை எல்லோருக்கும் தெரியும், திரும்பவும் போய் நின்று என்னவென்று சொல்வது என்று மெல்லிய குரலில் கேட்டார். மனைவி பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தாள். நான் ஒரு கையால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டேன்.

"சிகரெட் எண்டு முழுசாச் சொல்லுங்கோ, அண்ணே," என்றேன். "நான் பின்னுக்கு நிக்கிறன்."